அன்னக்கிளியின் மீசைத் தொட்டி

மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தபோது அன்னக்கிளிக்கு நாற்பத்தெட்டு வயது. எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. இனிமேல் தாராளமாகப் படியிறங்கலாம் என்று டாக்டர் சொல்லியும் மூன்று மாதமாகிறது. அவளோ மூலக்குளத்து மாடி வீட்டிலிருந்து ஒரு படிகூட இறங்கவில்லை. இருப்பது பதினாலே படி. புருஷன் கொளஞ்சி கெஞ்சிப் பார்த்தான், கத்திப் பார்த்தான், கடைசியில் வாயை மூடிக்கொண்டான். வேலை பார்த்த மில்லை மூடினபோதுகூட அவன் இவ்வளவு ஓய்ந்துபோகவில்லை.

அவன் கோரிமேட்டில் சைக்கிள் ஸ்டாண்டு வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அவள் தனி. ஒருநாள் டி.வி.யில் யாரோ ஒரு பெண்மணி பழைய டப்பாவைப் பூந்தொட்டி ஆக்கிக் காட்டினாள். அன்னக்கிளி அதைப் பிடித்துக்கொண்டாள். காலி பெயிண்ட் டப்பாவின் அடியில் சுட்ட கம்பியால் ஓட்டை போடுவாள். சுற்றிலும் கம்பி வலையைக் கட்டி, சிமெண்டைக் குழைத்து அப்புவாள். ஒரு வாரம் ஈரச்சாக்கைப் போர்த்தி வைப்பாள். முதல் தொட்டி விரிசல் விட்டது. இரண்டாவதில் உடைந்த வளையல்களைப் பதித்தாள். மூன்றாவதில் ஒரு முகமே செய்துவிட்டாள். புடைத்த மூக்கு, உருட்டுக் கண், காது வரைக்கும் மீசை. உச்சந்தலையில் மணிபிளாண்ட்.

"நல்லாருக்கு" என்றான் கொளஞ்சி. சத்தியமாக அவனுக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நாலு வீடு தள்ளிப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த ராஜவேல் ஏணி இரவல் கேட்டு வந்தவன், தொட்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"அக்கா, இத எங்க புது வீட்டுக்குக் குடுக்கறீங்களா?"

அன்னக்கிளிக்குத் தலைகால் புரியவில்லை. "எடுத்துகினு போப்பா. வெளிச்சமா பாத்து வையி. செடிக்கு ரொம்ப தண்ணி ஊத்தாத" என்றாள். அன்று ராத்திரி நெடுநாளைக்கப்புறம் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்த கொளஞ்சி அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். முன்பக்கச் சாரத்தில், தெருவைப் பார்த்தபடி, தொட்டி கம்பியில் தொங்கியது. செடியையும் மண்ணையும் கொட்டிவிட்டிருந்தார்கள். கன்னத்தில் கருப்பாக ஒரு பொட்டு. பக்கத்தில் ஒற்றைப் பழஞ்செருப்பு. அவள் ஆசையாகச் செய்ததைத் திருஷ்டி பொம்மை ஆக்கிவிட்டார்கள்!

"தம்பி, அத எறக்கு."

"ஐயோ, குடி போற வரைக்கும் எறக்கக் கூடாதுண்ணே" என்றான் ராஜவேல், நிஜமாகவே புரியாமல். "இதுக்குத்தான கேட்டேன்? அக்கா கை ராசியான கை. இத மாட்டினதிலேருந்து எவனும் வீட்டப் பாக்கறதில்ல, மொறச்சிப் பாக்குதேன்னு இதத்தான் பாக்கறான்."

அவன்மேல் என்ன தப்பு? புதுவீட்டுக்காரனுக்கு மீசை வைத்த முகம் வேறெதாகத் தெரியும்? ஆனால் இது தெரிந்தால் அவள் இனி சிமெண்டைத் தொடமாட்டாள், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். கொளஞ்சி பொய் சொன்னான். ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள் என்றான். அடுத்த நாள் புது இலை விட்டிருக்கிறது என்றான். பாவி மனுஷன், வாரக் கடைசியில் கொடியையே வாயாலேயே ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னக்கிளி தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு படியருகே நின்றாள்.

"எங்கே?"

"கொடியப் பாக்கணும்யா எனக்கு. கையப் புடி."

இதைக் கேட்கத்தான் அவன் மூன்று மாதமாகத் தவம் கிடந்தான். இப்போது தடுத்தால் இன்னொரு தரம் இறங்கமாட்டாள். இறங்கினால் பார்த்துவிடுவாள். யோசிப்பதற்குள் அவள் முதல் படியில் காலை வைத்துவிட்டாள். கொளஞ்சி கையை நீட்டினான். பதினாலு படிக்கும் அவள் நகம் அவன் மணிக்கட்டில் பதிந்தது.

தெருவுக்கு வந்து நாலு வீடு நடந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"நான் பொய் சொல்லிட்டேன் புள்ள" என்றான் கொளஞ்சி. "நீ மறுபடி படுத்துடுவேன்னு பயந்துட்டேன்." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி தொட்டியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"அது யாரு மூஞ்சின்னு தெரியல உனக்கு?"

"யாரு?"

"நீதான்யா! வழுக்கையா இருக்கியேன்னு செடி வச்சி உட்டேன். அதப் போயி புடுங்கிட்டானே!"

கொளஞ்சியின் கை தன்னால் மீசைக்குப் போனது.

"நீ வேலைக்குப் போனப்பறம் பகலெல்லாம் அதுகிட்டதான் பேசிகினு இருந்தேன்" என்றாள் அவள், சிரிப்பு அடங்கி.

"சரி, வீட்டுக்குப் போலாம்" என்றான் கொளஞ்சி.

அவன் திரும்பினான். அவள் வரவில்லை. அவன் கையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக, காலை மெல்ல எடுத்துவைத்து நடந்துகொண்டிருந்தாள்.

"ஏய், எங்க போற?"

"இருய்யா. தெருமுனைலேருந்து நீ எப்பிடித் தெரியறன்னு பாத்துட்டு வரேன்."