மேலே பிடித்துக்கொள்ள ஒருவர்

1

இந்தக் கதை ஒரு கழிப்பறையில் தொடங்கியது. சொல்லக் கூசி, முதலில் இதைச் சமையலறைக் குழாய் என்று மாற்றி எழுதினேன். இரண்டு பக்கம் போனதும் நின்றுவிட்டது. சமையலறையில் மாமியாரும் மருமகனும் கூச்சப்பட ஒன்றுமில்லை. கூச்சம் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

2

வெட்டிய முதல் வரி: "தங்கம் இறந்த பிறகு வீடு வெறிச்சோடிப்…"

இல்லை. வீட்டில் என் மனைவி தங்கத்தின் அம்மா இருந்தார். காரியத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து வந்தவர், எனக்குச் சமைத்துப் போட ஆளில்லை என்று தி. நகரிலேயே தங்கிவிட்டார். கதைக்காக அவருக்கு வேலம்மா என்று பெயர் வைத்தேன். கை கேட்கவில்லை, அத்தை என்றே எழுதுகிறது.

(வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்: அத்தை என்னோடு நேரே பேசமாட்டார். அவர்கள் பக்கத்து மரியாதை அது. "அவுகளுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று தங்கத்திடம்தான் சொல்வார். அவள் போனபின் ஃபிரிட்ஜைப் பார்த்து, "சோறு ஆயிட்டு" என்பார். நானும் ஃபிரிட்ஜிடம் "வர்றேன்" என்பேன்.)

3

தங்கம் படுத்திருந்த மாதங்களில் ஃப்ளஷ் டேங்க் ஒழுகிக்கொண்டே இருந்தது. அப்போது அதை யார் கவனித்தார்கள்? அவள் போனபின் நானே உள்சாமான்களையும், டேங்க்கைக் கோப்பையோடு இறுக்கும் அடிப்போல்ட்டுகளையும் வாங்கி மாற்றினேன். ரொம்ப முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். பயந்து லேசாக விட்டுவிட்டேன். ஒழுகல் நின்றது. டேங்க் ஆடத் தொடங்கியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

[இங்கே அத்தையின் மனநிலை பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு வேலைக்கு வரும் தேவானை சொன்னதுதான்.]

"சார், ஆயா எழுந்துக்கறப்போ அந்த டேங்க்கதான் புட்ச்சிக்குது. அது ஆடுதாம். உழுந்துடுவோம்னு பயந்துகினு தண்ணியே குடிக்கறதில்ல. மருமவன்கிட்ட போயி இத எப்டி சொல்றதுன்னு, ஊருக்கு போன் போட்டு புள்ளைய வரச்சொல்லிகீது."

4

போல்ட்டின் தலை டேங்க்குக்குள்ளே, நட்டு கீழே. கீழே முறுக்கினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். மேலே ஒருவர் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் தங்கம் பிடிப்பாள்.

(பக்கத்து வீட்டுக்காரரை வரவழைக்கலாமா என்று எழுதும்போது யோசித்தேன். கதைக்கு வசதிதான். ஆனால் அவர் வரவில்லை.)

கழிப்பறைத் தரையில் படுத்தபடி, ஃபிரிட்ஜுக்குக் கேட்கும்படி, மேலே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றேன்.

வாசலில் ஒரு புடவை விளிம்பு வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு உள்ளே வந்தது.

இடது நட்டில் ஒரு சுற்று, வலதில் ஒரு சுற்று என்று முறுக்கிக்கொண்டு வந்தேன்.

"மாப்பிள்ளை, இந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

கழிப்பறையில் ஃபிரிட்ஜ் இல்லை. என்னிடம்தான் சொன்னார்.

"இப்ப, அத்தை?"

"இன்னும் கொஞ்சம். போதும், போதும். உடைச்சிராதீக, பெறகு நான் தெருவுக்கா போவேன்?"

சிரித்துவிட்டேன். அவர் முகம் தெரியவில்லை. ஆனால் திருப்புளி குலுங்கியது.

பிறகு அத்தை டேங்க்கின் மேல் ஒரு கையை ஊன்றினார், அப்புறம் இரண்டு கையையும். அது அசையவில்லை. அன்று சாப்பிடும்போது தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

5

மச்சினன் முத்துகிருஷ்ணன் நாளைக் காலை வருகிறான். இன்று எழுதுகிறேன் என்பதால் முடிவு என் கையில் இல்லை.

முடிவு அ: அத்தை பையை எடுத்துக்கொண்டு மகனோடு கிளம்புகிறார்.

முடிவு ஆ: மகனுக்குத் தோசை வார்த்துப் போட்டு, தனியாக ரயிலேற்றுகிறார்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதில் என் ஆசை நிறைய இருந்தது, அத்தை குறைவாக இருந்தார். கிழித்துவிட்டேன். போவதென்றால் போகட்டும், பயந்துகொண்டு போகவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அதற்கே நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் இதைப் போய் அவரிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அத்தை அடுக்களையில்தான் இருக்கிறார். இங்கேயே இருந்துவிடுகிறாரா என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.