கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

அண்ணனுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து, எட்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். படுக்கையில் விழுந்த ஐந்தே நாளில் உடம்பு பாதியாகியிருந்தது. தங்கை அவளே முன்பு தைத்துக் கொடுத்த சட்டைதான். இரவல் வாங்கியதுபோல் தொளதொளத்தது. தையற்காரி கை சும்மா இருக்குமா? முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து நாலு தையல் போட்டாள்.

வந்தவர் துணைச் செயலாளர், அண்ணனின் மேலதிகாரி. மலர்வளையத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு அவளைச் சமையலறைப் பக்கம் தனியே அழைத்தார்.

"ரொம்ப நல்ல மனுஷன்மா. அமைச்சரே வருத்தப்பட்டாரு."

"போன வாரம் டிவியில 'ஆய்வாளர் தூங்கிட்டாரு'ன்னு சொன்னாரே, அந்த அமைச்சரா சார்?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பது நாளுக்கு முன்பு நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. ஏழு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். கரை நெடுக எண்ணெய் ஒதுங்கியது. ஆளுங்கட்சி முந்தைய ஆட்சியைக் கை காட்டியது, எதிர்க்கட்சி அமைச்சரைக் கை காட்டியது. கடைசியில் இரண்டு பேருக்கும் வசதியாக ஓர் ஆள் கிடைத்தார். கிணறுகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர், அவள் அண்ணன்.

அலுவலகத்தில் அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பட்டப்பெயர். லேசில் கையெழுத்து வாங்க முடியாது. ஆபத்து நேரத்தில் கிணற்றை மூடவேண்டிய அடைப்பான் பழுது என்று மேலதிகாரிக்கு ஆறு முறை எழுதி, நகல்களை வீட்டில் ஒரு ஃபைலில் வைத்தார். அரசாங்கம் அடைப்பானை மாற்றச் சொல்லவில்லை, விதியை மாற்றியது. கம்பெனியே சோதித்துக்கொண்டு சான்று கொடுத்தால் போதும். ஆய்வாளர் எழுதுவது வெறும் ஆலோசனை.

"வீட்டுல ஏதோ ஃபைல் வெச்சிருந்தாராமே?" துணைச் செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "விசாரணைக் கமிஷன் இன்னைக்கு ஒரு மணியோட ஆவணம் வாங்கறதை நிறுத்துது. நீங்க துக்கத்துல இருக்கீங்க, போகலேன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அதுல கடைசிப் பக்கத்துல அவரு கையெழுத்தும் இருக்கும்மா. அவரு பேரு கெடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அது அவளுக்கும் தெரியும். அண்ணிக்கு ஆபரேஷன் குறித்திருந்த வாரம், இடமாற்ற உத்தரவை மேஜைமேல் வைத்துக்கொண்டு கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் இன்னும் ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். அண்ணன் போட்டுவிட்டார். நேற்று மாலை ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "எல்லாத்தையும் குடுத்துடு. என் கையெழுத்தையும் சேத்து."

"காபி சாப்பிடறீங்களா சார்?" என்றாள். கார் கிளம்பிப் போனதும் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தாள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "அவரை இப்படிக் கிடத்திட்டு எங்க கிளம்பிட்ட?"

"கமிஷனுக்கு. நாலு மணிக்குத்தானே எடுக்கறோம்? அதுக்குள்ள வந்துடுவேன் அண்ணி."

"அந்தக் கடைசித் தாளை மட்டும் எடுத்துடேன்." அண்ணி ஃபைலின் ஓரத்தைப் பிடித்தாள். "எனக்காகப் போட்டது அது."

"அதை எடுத்துட்டா மத்த ஆறையும் யாரு நம்புவா அண்ணி?"

அண்ணி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தாள். "வெளிய தூறுது. நனையாம கொண்டு போ."

கமிஷன் அலுவலகத்தில் குமாஸ்தா ஃபைலைத் திருப்பித் தள்ளினார். "ஆய்வாளரே நேர்ல வரணும்மா."

"அவரால முடியாதுங்க."

"உடம்பு சரியில்லையா?"

"காலையில இறந்துட்டாரு."

குமாஸ்தா பேனாவை மூடினார். ஃபைலைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சற்றைக்கெல்லாம் அவளையும் கூப்பிட்டார்கள். கமிஷன் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொரு தாளாகப் படித்தவர் கடைசித் தாளில் நின்றார்.

"இதைப் பாத்தீங்களாம்மா? இது உங்க அண்ணனையும் சேத்து மாட்டிவிடும்."

கூடத்திலிருந்த வக்கீல்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தேங்கம்மா. அவரு செஞ்சது அவரு பேர்லயே இருக்கட்டும். மத்தவங்க செஞ்சது மத்தவங்க பேர்ல இருக்கட்டும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஃபைலை ஆவணமாக ஏற்று, விதியை மாற்றிய குழுவையும் துணைச் செயலாளரையும் அடுத்த வாரம் ஆஜராகச் சொல்லி உத்தரவிட்டார். மணி பன்னிரண்டு ஐம்பது.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் பஸ் நின்றுவிட்டது. எண்ணெயைச் சுத்தம் செய்கிறவர்களின் லாரிக்கு வழி விட்டிருந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண், பெரிய பாறை ஒன்றைத் தேய்த்து முடித்து, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கை கறுத்திருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு, பிரஷை வாளியில் முக்கி, அதே பாறையின் உச்சியிலிருந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.