ஆறு கறுப்பு மணிகள்

முப்பத்தோராவது மணியும் குப்பைக் கூடைக்குப் போனது. கடைசல்காரர் ஒரு தகரத் துண்டில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். மணி அதில் கடகடவென்று நழுவினாலும் தப்பு, நுழைய மறுத்தாலும் தப்பு. லேசாக உரசிக்கொண்டு இறங்க வேண்டும். பகலெல்லாம் கட்டில் காலும் மாடிப்படிக் கம்பும் கடைகிற கை அது. பதினோரு வருடத்தில் அவர் கடைந்த ஒரு சாமான்கூடப் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கைக்கே பட்டாணி அளவு மணி தண்ணி காட்டியது.

மாமியாருடைய பழைய ஜெபமாலை சங்கிலி அறுந்து சாக்கடையோடு போய்விட்டது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாலையை, "மிட்டாய் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார்.

"நான் கடைஞ்சு தர்றேன் அத்தை."

"நீங்களா மாப்பிள்ளை? பாத்து. நான் தூக்கற மாதிரி இருக்கட்டும்."

சிரிக்காமல் சொன்னதுதான் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க அவர் போடாத குட்டிக்கரணம் இல்லை.

'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஐம்பத்து மூன்று வெளிர் மணி. பத்துக்கு ஒரு முறை வருகிற பரலோக மந்திரத்துக்கு ஆறு கருங்காலி மணி. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. இடைவெளி விட்டால் வேலை முடியாத மாதிரி தோன்றும் என்று நெருக்கிக் கோத்தார். கோத்து முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டு, "எது பெருசு, எது சின்னதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். அவள் தோற்றாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைசல்காரர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மாமியார் தனியாகத்தான் இருக்கிறார். 'எங்கயாவது தடுமாறினா அன்னைக்கே எங்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்' என்று அவருடைய மகன் வாரா வாரம் சொல்வதும், 'என் அடுப்பு, என் வீடு' என்று அவர் வாயை அடைப்பதும் வழக்கம். மாலை பிடித்து ஜெபத்தை நடத்துவதும் அவர்தான். மற்றவர்கள் பதில் மட்டும் சொல்வார்கள்.

முதல் பத்து முடிந்தது. கட்டை விரல் கறுப்பு மணிக்கு வந்தது. "அருள் நிறைந்த மரியே" என்றார் மாமியார். அடுத்ததுக்குப் போனார். அதற்கும் அதே மந்திரம். கடைசல்காரர் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மாமியார் கண்ணும் திறந்துதான் இருந்தது. மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் எதையோ தேடித் தேடி நகர்ந்தது. கடைசல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது: கண்ணுக்குத்தான் அடையாளம் வைத்திருக்கிறோம், விரலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

"அம்மா, பத்து தாண்டி எங்கயோ போயிட்டே! கணக்கு மறந்துடுச்சா?" என்றான் மகன்.

 மாலை மடியில் இறங்கியது.

"அத்தை சரியாத்தான் சொன்னாங்க மச்சான்" என்றார் கடைசல்காரர். "நான்தான் கறுப்பு மணிய இடம் மாத்திக் கோத்துட்டேன்."

"அட, பத்து வரைக்கும் எண்ணத் தெரியாமலா பட்டறைல வச்சிருக்காங்க உங்கள?"

வீடே சிரித்தது. மனைவிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குக் காது மடல் எரிந்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மாலையை நீட்டி, "சரி பண்ணிக் கொண்டாங்க" என்றார். நீட்டிய கை அவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. யாரும் கவனிப்பதற்குள் எட்டி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பு மணி ஆறையும் ஒவ்வொன்றாக லேத்தில் மாட்டி, நடுவயிற்றில் உளி முனையால் ஒரு கோடு இழுத்தார். காய்ப்பேறிய கட்டை விரலுக்குக் கோடு தெரியவில்லை. கண்ணை மூடி உதட்டில் உருட்டிப் பார்த்தார். ஆழம் போதாது. இன்னொரு இழுப்பு. இப்போது உதடு நின்றது. ஆறிலும் அதே இடத்தில், அதே ஆழத்தில் நின்றது. பக்கத்து மேசைக்காரர், "என்னய்யா, மரத்துக்கு முத்தமா?" என்றார். "வேலைய்யா, வேலை" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

கோத்து எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாலையை வாங்கி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார். நகம் கோட்டில் விழுந்ததும் நின்றார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

"டாக்டருக்குச் சொல்லித்தான் ஆகணும் அத்தை. நாளைக்கு லீவு போட்டிருக்கேன். அவர் என்ன சொல்றாரோ, அதுக்கப்புறம் வீட்ல நீங்களே சொல்லுங்க."

மாமியார் மணிகளை மறுபடி முதலிலிருந்து தள்ளினார். ஒவ்வொரு கோட்டிலும் நின்றார். ஆறாவதில் நின்றதும் முகத்தைத் தூக்கினார்.

"இந்த மாதிரி ஒரு வேலைய நான் பாத்ததில்ல. யார் கேட்டாலும் எம் மாப்பிள்ளை கடைஞ்சதுன்னுதான் சொல்லுவேன்."

அதைச் சொன்ன முகம் பீரோவைப் பார்த்திருந்தது. கடைசல்காரர் காலடிச் சத்தம் கேட்காமல் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பீரோவுக்கு முன்னால், அந்தப் பார்வைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.