சிலர் கூறுவர்

வழிகாட்டிப் பேராசிரியை அவளுடைய ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்: 'சிலர்'.

“யாரும்மா இந்தச் சிலர்? மனநோயாளியை வீட்டுல பூட்டி வைக்கிறதுதான் பாதுகாப்புன்னு சிலர் கூறுவர்னு எழுதியிருக்க. அடுத்த வரியிலேயே அவங்களைத் தள்ளி விட்டுட்ட. சோப்ளாங்கியோட சண்டை போட்டு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு வெற்றியா? அவங்க காரணத்தை முழுசா, பலமா எழுது. அப்புறம் மறுத்துப் பாரு. நாளைக்குள்ள வரலேன்னா இந்த அத்தியாயமே வேண்டாம்.”

அவள் தலையாட்டினாள். அந்தச் சிலர் யாரென்று அவளுக்குத் தெரியும். ஒருத்தி அவளைப் பெற்றவள்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சில் அண்ணன் அறையின் சாவி.

“அவனை ஏம்மா பூட்டுற? என் கட்டுரையில எழுதணும்.”

“என்னடி புதுசா கேக்குற? லாரி முன்னாடி போய் நின்னானே, மறந்துட்டியா? பிரேக் அடிச்ச சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல. கதவு திறந்து கிடந்தா எனக்குக் குளிக்கப் போகவே பயமா இருக்கு. நீ பாட்டுக்குக் காலேஜுக்குப் போயிடுவ. நான்?”

அதை அப்படியே எழுதினாள். எழுத எழுத அந்தப் பத்தி நிமிர்ந்து நின்றது. அடுத்து வந்த அவளுடைய மறுப்புதான் நொண்டியது. 'சிலர்' என்பதை அடித்துவிட்டு 'நாங்கள்' என்று போட்டாள்.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

“என்ன ப்ரொஃபசரம்மா, அம்மா கட்சியை எழுதியாச்சா?”

“ம்.”

“உன் கட்சி?”

“அது முன்னாடியே எழுதிட்டேன்.”

“பேஷ்! ரெண்டு வக்கீலும் ரெடி. உள்ள கிடக்கிறவனை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவள் பக்கங்களைப் புரட்டினாள். மருத்துவர்கள் பேசியிருந்தார்கள், சட்டம் பேசியிருந்தது, அவள் பக்கம் பக்கமாகப் பேசியிருந்தாள். பூட்டப்பட்டவர் சொன்னதென்று ஒரு வரி இல்லை.

எழுந்து போய் அம்மாவிடம் கையை நீட்டினாள். “சாவியைக் குடும்மா. அவன்கூட உக்காந்து பேசணும்.”

அம்மா முடிச்சை இறுகப் பிடித்தாள். “உன் கட்டுரைக்கா, அவனுக்கா?”

“ரெண்டுக்கும்.”

பொய் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்ல முடிச்சை அவிழ்த்தாள்.

“அப்படின்னா முதல்ல போய் வாசக் கதவைப் பூட்டிட்டு வா.”

அவள் போய்ப் பூட்டினாள்.