பொன்னி கழற்றிக்கொண்டு போன கதவு

நிலவில் மோதி உடைவதற்கென்றே அனுப்பப்பட்ட பெட்டி மோதி உடைந்த அன்று, இரவுச் சாப்பாட்டு வேளையில், ஏழு வருஷத்துக்கு முன் செத்துப்போயிருந்த பச்சைமுத்து டெல்லி மதராசி கேம்ப்பில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். அது 2008 நவம்பர், குழந்தைகள் தினம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த லட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவன் மகள் மேகலா தட்டில் மூடி வைத்திருந்தாள். கதவைத் திறந்த பொன்னி முதலில் பார்த்தது புருஷனின் கால்களைத்தான். முழங்கால் வரைக்கும் சாம்பல் நிறப் புழுதி அப்பியிருந்தது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். கழுவினான், புழுதி போகவில்லை. சரி பரவாயில்லை வா என்று உட்காரவைத்து, சோறு போட்டு, அவன் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு அழ நேரம் கிடைத்தது.

அவன் செத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாகக் குடிசை போட்டவர்களில் அவனும் ஒருவன். ஒரு காண்டிராக்டருக்காகச் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவனை மாலையில் கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள். காண்டிராக்டர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பொன்னியின் வயிற்றில் மேகலா இருந்தாள். அன்றைக்கு அவிட்ட நட்சத்திரம். அவர்கள் ஊர் வழக்கத்தில் அதற்கு அடைப்பு என்று பெயர். அடைப்பில் செத்தவன் போன வழியாகவே திரும்பி வருவான் என்பதால், பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரை இடித்து அந்தப் பொத்தல் வழியாக எடுத்துப் போய், உடனே பொத்தலைப் பூசி, வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். ஊரில் இதெல்லாம் நடக்கும். கேம்ப்பில் இருந்தது ஒற்றை அறை, அதன் மூன்று சுவர்களுக்கும் அந்தப் பக்கம் வேறு வேறு குடும்பங்கள். இடிக்கத் தோதாக இருந்த சுவரில் பாதி பக்கத்து வீட்டு ரவிக்குமாருக்குச் சொந்தம். அவன் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் செவுத்தோரமாத்தான் எம் புள்ளைங்க படுக்குதுங்க. இடிச்சிட்டா நாங்க எங்க போவோம்?” நியாயமான கேள்விதான். பூட்டிவிட்டு எங்கே போவது என்று பொன்னிக்கும் தெரியவில்லை. ஆகவே பச்சைமுத்துவைக் கதவு வழியாகவே எடுத்துப் போனார்கள். ஒற்றை அறையில் பிழைக்கிறவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய பிசகு இது.

பொன்னி வேலை பார்த்தது ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் சந்திரமௌலி வீட்டில். அவர் மத்திய சர்க்கார் அதிகாரி, கும்பகோணத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் தனக்குத் தெரிந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் காபி இறங்காது. பெட்டி மோதிய அன்று காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் பேப்பரும் கையுமாக வந்து, “இன்னிக்கு ராத்திரி நம்ம பொட்டி சந்திரன்ல போய் மோதப்போறது, தெரியுமோ?” என்றார்.

“எறக்கப் போறாங்களா சார்?”

“எறக்கறது இல்லேம்மா, மோதறது. வேணும்னே. விழறச்சே படம் எடுத்துண்டே விழும்.”

“அங்க யாராச்சும் இருந்தாங்கன்னா?”

சந்திரமௌலி சிரித்தார். “அங்க யார் இருக்கா? கல்லும் மண்ணும்தான்.”

பச்சைமுத்து சாப்பிட்டு முடித்துச் சொன்ன விவரம் வேறு மாதிரி இருந்தது. கேம்ப்பில் செத்தவர்கள் எல்லோரும் அங்கேதான், வெயிலே படாத ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல குளிர். காற்று இல்லாததால் பேசினால் கேட்காது, ஜாடைதான். அமாவாசைக்கு அமாவாசை வீட்டில் படையல் போட்டால் அவரவர் பங்கு அவரவருக்கு வந்துவிடும், அதனால் குறை ஒன்றும் இல்லை. பெட்டி தலைக்கு மேல் வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. பக்கவாட்டில் கொடி வரைந்திருந்தது மட்டும் ஞாபகம். அடைப்பில் போனவன் என்பதால் மற்றவர்கள் அவனைக் கொஞ்சம் ஒதுக்கி ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள், பெட்டி அந்த ஓரத்தில்தான் விழுந்தது. பிரேக் போட்ட பஸ்ஸிலிருந்து விழுகிறவன் மாதிரி அவன் தூக்கியெறியப்பட்டான். விழுந்து எழுந்தபோது நாலாவின் நாற்றம் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் தன் வீட்டுக் கதவு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கிய ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தான். கதவின் அடியில் எலி அரித்த ஓட்டை ஒன்று வெகுநாளாக இருந்தது. மறுநாள் பொன்னி அந்தத் தகட்டை அங்கே வைத்து ஆணி அடித்தாள். அளவு சரியாக இருந்தது.

நிலவு இறங்கியபோது உடம்பு லேசாகி அவன் போய்விட்டான். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் வந்தான். அதற்கடுத்த பௌர்ணமிக்கும் வந்தான். மேகலாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. முதல் நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தவள், முன்பின் தெரியாத அந்த ஆள் தட்டைத் திறந்து தன்னுடைய பாதி லட்டைத் தின்றதைக் கண்ணால் பார்த்தாள். தெரியாமல் தின்றுவிட்டான், பாவம், அவனுக்கு யார் சொன்னார்கள்? பௌர்ணமி என்றால் அவள் ரவிக்குமார் வீட்டுக்குப் போய்விடுவாள். வளர்ந்த பிறகு தோழி வீடு, அப்புறம் லாஜ்பத் நகர் கடையில் ஓவர்டைம். அவனை அவள் அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அம்மாவிடம் பேசும்போதும் “வோ ஆத்மி” என்றுதான் சொல்வாள், அந்த ஆளாம். பெற்ற மகள் வாயில் இப்படி வருவது பொன்னிக்குத் தாங்காது. ஆனாலும் அவன் வருகிற நாளில் மகளை அதட்டி வீட்டில் உட்காரவைக்க அவள் மனசு துணியவில்லை.

மற்றவர்களுக்கு அவன் வரவு சௌகரியமாகிவிட்டது. பௌர்ணமி மாலையில் பொன்னி வீட்டு வாசலில் கூட்டம் கூடும், அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்லி அனுப்புவார்கள். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு, நகையை எங்கே வைத்தாய் என்று கேட்டவர்களும் உண்டு. அடுத்த பௌர்ணமிக்குப் பதில் வரும். ஜாடையில் வாங்கி வந்த பதில் என்பதால் ரொம்பச் சுருக்கமாக இருக்கும். அவன் நடந்த இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் சாம்பல் நிறக் காலடிகள் விழுந்தன. துடைப்பத்துக்கும் போகவில்லை, பினாயிலுக்கும் போகவில்லை. மேகலா அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவாள். மேலே எதையாவது அனுப்புகிறார்கள் என்றால் சந்திரமௌலி பொன்னியிடம் சொல்லிவிடுவார், அவள் புருஷனிடம் சொல்லி எல்லோரையும் தள்ளி உட்காரச் சொல்வாள். 2019இல் மெதுவாக இறங்க வேண்டிய ஒன்று விழுந்து நொறுங்கியபோது அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2023இல் ஒன்று ஒழுங்காக இறங்கியது. அதற்குள்ளிருந்து சக்கரம் வைத்த சின்ன வண்டி வெளியே வந்து மெதுவாக உருண்டதாம், அங்கே இருக்கிற பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடினவாம். இதைக் கேட்டு வாசலில் நின்ற இரண்டு பெண்கள் அழுதார்கள்.

அதைச் சந்திரமௌலி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2021 ஏப்ரலில் டெல்லியே மூச்சுக்குத் தவித்தபோது அவர் போனார், அதே வாரத்தில் ரவிக்குமாரும் போனான். சந்திரமௌலியின் மகன் அபினவ் டொராண்டோவில் இருந்தான், விமானம் கிடையாது. தகனம் வீடியோவில் நடந்தது. தர்ப்பணத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் மெதுவாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

2025 கோடையில் கேம்ப்பை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். சர்வேயில் பேர் இருந்தவர்களுக்கு ஊரின் அந்தக் கோடியில், நரேலாவில் பிளாட். பேர் இல்லாதவர்கள் அவரவர் பாடு. பொன்னியின் பேர் இருந்தது. எல்லோரும் வேலைக்குப் போக பஸ் உண்டா, தண்ணீர் வருமா என்று கவலைப்பட்டபோது அவளுக்கு வேறு கவலை. பச்சைமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே புது இடம் என்றால் தடுமாறுவான், செத்த பிறகு புதிதாக எதுவும் மண்டையில் ஏறவில்லை. மே மாதப் பௌர்ணமியில் நரேலாவுக்கு வழியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனும் தலையாட்டிவிட்டு, “கதவு எங்க இருக்கோ அங்க வர்றேன்” என்றான். இத்தனை வருஷம் கழித்து இப்போது சுவரையும் இடிக்கப் போகிறார்கள். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய சடங்கைப் புல்டோசர் வந்து செய்யப்போகிறது, அதோடு அவன் வழி அடைபட்டுவிடும்.

டெம்போவில் பாதி இடத்தை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கட்டிலும் பாத்திரங்களும் ஏற்றிய பிறகு ஒரு பெரிய சாமானுக்கு மட்டும் இடம் இருந்தது. மேகலா தன் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய பிரிட்ஜ் வாசலில் நின்றது. பொன்னி அதைத் தாண்டிப் போய், சுத்தியலால் கீல்களைத் தட்டிக் கதவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“அம்மா, பாகல் ஹோ கயீ க்யா? பைத்தியமா ஒனக்கு? அங்க நல்ல கதவே இருக்கு! இந்த சடா ஹுவா, உளுத்துப்போன கதவு எதுக்கு?”

“உங்கப்பாவுக்குத் தெரிஞ்சது இந்தக் கதவு ஒண்ணுதான்டி.”

மேகலா பிரிட்ஜைப் பக்கத்து டீக்கடையில் விட்டுவிட்டு வந்தாள். ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புல்டோசர் சந்துக்குள் வந்தது. கதவில்லாத வாசலில் தலையை நீட்டி ஓட்டுநர் “அந்தர் கோயீ ஹை?” என்று கேட்டான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது அவன் வேலை. பொன்னி ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் அறை, தரை முழுக்கச் சாம்பல் நிறக் காலடிகள்.

“அபீ நஹீ,” என்றாள். இப்போது இல்லை. “பூர்ணிமா கோ ஆயேகா.” பௌர்ணமிக்கு வருவான்.

அவன் தலையசைத்துவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினான். மேற்குச் சுவர், ரவிக்குமாருக்கும் சொந்தமான அந்தச் சுவர், முதல் இடியிலேயே விழுந்தது.

நரேலாவில் மூன்றாம் மாடி. கதவைப் பொருத்த இடம் இல்லாததால் அறைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். பௌர்ணமி வந்தது. சாம்பார் வைத்து, வடை சுட்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மேகலா அன்றைக்கு எங்கேயும் போகவில்லை, புது ஊரில் போக இடம் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நிலவு எதிர் பிளாக்குக்கு மேலே ஏறியது. யாரும் வரவில்லை. சோறு ஆறியது. பொன்னி எழுந்து போய்த் தகட்டில் கை வைத்துப் பார்த்தாள், பனிக்கட்டி போல ஜில்லென்றிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்கள்.

திறந்தாள். சுண்ணாம்படித்த சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சரிவு ஒன்று தெரிந்தது. முதலில் உள்ளே வந்தது பச்சைமுத்து அல்ல, ரவிக்குமார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “வீடு காலி பண்ற அவசரத்துல போன அமாவாசைக்கு எங்களுக்கு ஒண்ணும் வரல அண்ணி. இப்ப வீடே இல்ல, இனிமே படையலும் இல்ல. இருக்கிற கதவு இது ஒண்ணுதான்னு அண்ணன் கூட்டியாந்தாரு. அன்னைக்கு நான் செவுத்த இடிக்க விட்டிருந்தா இதுவும் இருந்திருக்காது.” அவன் பின்னால் கேம்ப்பின் செத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், முழங்கால்வரை புழுதியோடு, கூச்சத்தோடு. ஒவ்வொருவரிடமும் பொன்னி, “அவரு எங்க?” என்று கேட்டாள். பின்னாடி, பின்னாடி என்றார்கள். அறை நிறைந்து பால்கனி நிறைந்த பிறகுதான் பச்சைமுத்து வந்தான். வழி தெரியாத ஒரு வயசானவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்ததில் நேரமாகிவிட்டிருந்தது. அவர் சந்திரமௌலி. மெலிந்துபோயிருந்தார். பொன்னி அவருக்கும் இலை போட்டாள்.

“சாம்பார்ல வெங்காயம் போட்டிருக்கு சார். பரவாயில்லையா?”

“பரவாயில்லேம்மா,” என்று உட்கார்ந்தார். “அபினவுக்கு லீவே கிடைக்கல்லே போலிருக்கு.”

சோறு பற்றவில்லை. மேகலா தானாகவே இரண்டாவது உலை வைத்தாள். பரிமாறினாள், புழுதிக் கால்களைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கடைசி இலைக்கு வந்தபோது பச்சைமுத்து மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் பக்கமாக நகர்த்தினான். முதலில் பழைய கேம்ப் பக்கம் போய்த் தேடியபோது குருத்வாரா வாசலில் யாரோ கொடுத்தார்களாம். ஒரு லட்டு, முழுசு.

இப்போது அந்த பிளாக்கில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பௌர்ணமியன்று கீழ்வீட்டுக்காரர்கள் மேலே நிறையக் காலடிச் சத்தம் கேட்டால் டிவியைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். கேம்ப்பில் பழகிய சிலர் கோவிந்த்புரியிலிருந்தும் பரிதாபாத்திலிருந்தும் அரிசி, பருப்போடு பஸ் ஏறி வந்து தங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரிய குக்கர் வாங்கியாகிவிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஜூலைப் பௌர்ணமிக்குப் பொன்னி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது தட்டும் சத்தம் கேட்டது. கை முழுக்க மாவு. எழுந்து கை கழுவுவதற்குள் கதவு திறந்துவிட்டது, திறந்தவள் மேகலா. சரிவில் வெகுதூரத்தில், எல்லோருக்கும் பின்னால், யாரையோ கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தவனைப் பார்த்து, மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்.

“அப்பா! ஜல்தி வாங்க, சோறு ஆறுது!”