காதை மூடுகிற ஹெட்போன்

எஹலியகொட பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜுனைதீன் நானாவின் போன் கடையில் கோகிலா அரை மணி நேரமாக இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா கன்னையா. இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனுஷனுக்கு இதெல்லாம் என்ன விளங்கும் என்று ஜுனைதீன் மகளிடமே பேசினார்.

"தங்கச்சி, இந்தச் சின்னது காதுக்கு வெளியில நிக்கும். காத அடைக்காது. போன்ல பேசுறதும் கேக்கும், வீட்டுல கூப்பிட்டாலும் கேக்கும். இந்தப் பெரிசு காத முழுசா மூடிரும். போட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது."

"இடியும் கேக்க வேணாம், லயத்துச் சத்தமும் கேக்க வேணாம் நானா. எனக்குப் பெரிசே தாங்க."

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே ஆஸ்திரேலியாக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. அவர்கள் கடை திறக்கும் நேரம் நமக்கு விடியற்காலை நாலரை. தோட்டத்து லயத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை, நடுச்சுவர்களோ கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டில் இருமினால் ஆறாம் வீட்டில் சுடுதண்ணி வைப்பார்கள். அந்த இரைச்சலில் நின்றுகொண்டு இங்கிலீஷ் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அவள் கஷ்டம் தெரியும்.

கடையிலேயே அவள் பெரிசை மாட்டிப் பார்த்தாள். பஸ் நிலையம் அப்படியே அடங்கிப்போனது. அப்பாவின் வாய் மட்டும் அசைந்தது.

"ஒண்ணுமே கேக்கலப்பா" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அப்பா தேத்தண்ணி கொண்டுவந்து அவள் தோளைத் தொட்டிருந்தார். அவள் பதறிப்போய் ஏதோ உளற, போனின் அந்தப் பக்கம் இருந்தவர் புகார் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவள் கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள்: "வேலையில இருக்கும்போது என்னத் தொடாதீங்கப்பா. கையெடுத்துக் கும்பிடுறேன்." அதன்பிறகு தேத்தண்ணி சத்தமில்லாமல் மேசை மூலையில் வந்து உட்கார்ந்தது. கன்னையா சொன்ன சொல்லைக் கேட்கிற ஆள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். வாசல்படியில் நின்று "போயிட்டு வாறேன்" என்பார். உள்ளேயிருந்து "போயிட்டு வாங்க" என்று வராமல் படி இறங்கமாட்டார். அம்மா இருந்தவரை அது அம்மாவின் வேலை. அம்மா போன பிறகு கோகிலாவுடையது. ஆறு மணிக்கு அவளுக்குச் சின்ன இடைவேளை, அவருக்கும் அதுதான் மலைக்குப் பால் வெட்டப் புறப்படும் நேரம். அதனால் ஹெட்போன் வந்த பிறகும் அந்தப் பதில் ஒரு நாளும் தவறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் ஆறு மணிக்குப் போகிற ஆள் இல்லை. இடது கண்ணில் அழுத்தம் ஏறிக் கிடந்தது. டவுன் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன், ஏழு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். ஐந்தேகாலுக்கு றோட்டில் பஸ். பகலில் வேலை முடிந்ததும் அவள் பின்னால் வருவதாக ஏற்பாடு.

பிளக் இருக்கும் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் அவள் உட்காருவாள். பெர்த் நகரத்திலிருந்து ஒரு கிழவி தன் உடுப்புக் கழுவும் மெசினைப் பற்றிப் போனில் அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தி, ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பியபோது மணி ஐந்தே முக்கால். வெள்ளைச் சட்டையும் கையில் பையுமாக அப்பா வாசலில் நின்றார்.

"இன்னும் போகலையாப்பா?"

"போயிட்டு வாறேன்மா."

"போயிட்டு வாங்க" என்றாள். அடுத்த அழைப்பு வந்தது. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அவர் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அன்றைய பட்டியலில் அவர் இடத்துக்கு வேறொருவர் போயிருந்தார். புதுத் திகதி வருவதற்குள் இடது கண் முழுசாக இருண்டுவிட்டது. போன பார்வை இனி வராது என்றார் டாக்டர்.

பஸ் போயிருச்சும்மா என்று மட்டும்தான் அப்பா சொன்னார். மிச்சத்தைச் சொன்னவள் பக்கத்து வீட்டுப் பிரேமலதா.

"அஞ்சு மணியிலருந்து படியிலயே நின்னாருடி. 'போங்கண்ணே, பஸ் வந்துரும்'னு நானும் சொன்னேன். 'புள்ள இன்னும் சொல்லலையே'ன்னாரு. 'தோளத் தட்டிக் கூப்பிடுங்க'ன்னேன். 'தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு'ன்னாரு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கோகிலாவால் அந்தப் பழமொழியை இனி வாயில் எடுக்க முடியாது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அப்பாதான் தட்டைக் கொண்டுவந்து வைத்து, "ஒரு கண்ணு இருக்குல்ல" என்றார்.

ஒரு கண்ணால் வெட்டுக் கத்தியின் ஆழம் பிடிபடவில்லை. பட்டை தாண்டி மரத்திலேயே காயம் விழுந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவரைப் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டுக்குப் போட்டார். முப்பது வருஷம் மரத்துக்கு நோகாமல் வெட்டிய கை அது.

அடுத்த மாதம் கோகிலா ஜுனைதீன் கடைக்குப் போய்க் காதை அடைக்காத அந்தச் சின்னதை வாங்கினாள்.

இப்போது எல்லாம் கேட்கிறது. சேவல், மழை, பிரேமலதா வீட்டு ரேடியோ, எல்லாம். ஆனால் அப்பா வாசலில் நின்று சொல்வதை விட்டுவிட்டார். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுகிறார். ஏம்ப்பா சொல்லாமப் போறீங்க என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ வேலையில இருப்பியே. ஒனக்கு எதுக்குத் தொந்தரவு?"

படியின் விளிம்பைத் தேடி அவருடைய செருப்பு இரண்டு தரம் உரசும். அந்தச் சத்தத்துக்காகவே தினமும் காதை வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று காலை அது கேட்டதும், பேச்சுக்கு நடுவிலேயே, "போயிட்டு வாங்கப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

என்ன சொன்னாய் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ இங்கிலீஷில் கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா இறங்கிப் போயிருந்தார்.