சகலை கட்டிய எஞ்சின்

தன் பட்டறைக்கு வந்த லாரி எஞ்சினைப் பிரித்துக் கட்டும் வேலையை மாமனார் என்னிடம் தராமல் சின்ன மருமகன் கையில் கொடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தவன் நான், இருபது வருஷம் லாரிக்கு அடியில் படுத்தவன். சகலை நேற்று முளைத்தவன். எஞ்சினை அவன் நன்றாகக் கட்டிவிட்டால் பட்டறைப் பொறுப்பும் அவனுக்குத்தான் என்று மாமனார் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

கட்டி முடித்த எஞ்சின் ஓடவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மூச்சு வாங்கியது. பேட்டரியையும் மாற்றி, ஸ்டார்ட்டரையும் மாற்றிவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். சட்டைகூட மாற்றாமல் ஓடினேன்.

"கெழவி மாடி ஏறுற மாதிரி சுத்துதுண்ணே" என்றான் சகலை.

எஞ்சினுக்கு மணப்பெண்போல அலங்காரம். பளபளவென்று நீலப் பெயிண்ட். பேட்டரியிலிருந்து வரும் எர்த் கேபிள் எஞ்சினில் சேரும் இடத்தைத் தொட்டேன். சுரீரென்று சுட்டது. விளங்கிவிட்டது. பெயிண்டின் மேலேயே கேபிளை முடுக்கியிருக்கிறான். இரும்பைத் தொடாமல் கரண்ட் எப்படிப் போகும்? சுரண்டினால் பத்து நிமிஷ வேலை.

"பேரிங் டைட்டு. எறக்கிப் பிரிச்சாகணும்" என்றேன்.

மாமனார் முகம் செத்துப்போனது. "மொதல்லயே உங்ககிட்ட குடுத்திருக்கணும் மாப்ள."

எனக்கு இனித்தது.

சகலை எஞ்சினைச் சுற்றும் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, அதில் நீளக் குழாயைச் செருகினான். "பேரிங் டைட்டுன்னா கையாலயும் சுத்தாது. சுத்திப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே."

இழுத்தேன். கனமாக, ஒரே சீராக வந்தது, எங்கும் பிடிக்கவில்லை. என் கைக்கு இப்படி ஓர் எஞ்சின் அமைந்ததே இல்லை. பல்லைக் கடித்து, முக்கிக் காட்டி, பாதியில் விட்டேன்.

"அசைய மாட்டேங்குது மாமா."

"தள்ளுங்க." எழுபது வயசு மாமனார் குழாயைப் பிடித்து இழுத்தார். சுற்றியது. "என்ன மாப்ள, காலைல சாப்பிடலையா?"

"அப்ப எர்த்தா இருக்கும்" என்று முனகினேன்.

சகலை கேபிளைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டி முடுக்கினான். ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நல்லவேளை, கண்டுபிடிச்சீங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டு, மாமனார் சகலையிடம் போனார். "நாளைலேருந்து பட்டறைய நீங்களே பாத்துக்குங்க."

கையைத் துடைத்துக்கொண்டே சகலை என் காதருகே வந்தான்.

"தொட்டப்பவே சுட்டிருக்குமேண்ணே?"

எஞ்சின் சத்தத்தில் பழுதைக் காட்டும் ஒரு தட்டலாவது கேட்காதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.